வீட்டு வீரணனும் கடை வீரணனும்

மந்தைப்பட்டியில் முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாதவன் வீரணன் ஒருவன்தான். பதினேழு இடத்தில் பெண் பார்த்துப் பதினேழும் தட்டிப்போயிற்று. பதினெட்டாவதாகப் பேச்சியம்மாள் என்ற பெண் அமைகிற மாதிரி இருந்தது.

"நல்ல போட்டோவா ஒண்ணு குடுங்க. இதுவும் கைநழுவிப் போச்சுன்னா என்னைத் தேடாதீங்க" என்று சொல்லிவிட்டார் தரகர் அய்யாவு. வீரணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

செல்போனில் அவன் படம் ஒன்று இருந்தது. அதைத் தாளில் கொண்டுவருவது எப்படி என்று டீக்கடை பெஞ்சில் பஞ்சாயத்து கூடியது.

"வீட்லயே பிரிண்டர் வாங்கிப் போடுவோம் மாப்ள" என்றான் கூட்டாளி ஒச்சப்பன். "கடையில ஊர்ப்பட்ட மூஞ்சியும் ஒரே மெஷின்ல போகுது. எவன் மீசையாவது இவனுக்கு ஒட்டிக்கிட்டா?"

வீரணன் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"கடை மெஷின் ஆயிரம் மாப்பிள்ளையைப் பாத்ததுடா" என்றான் இன்னொரு கூட்டாளி பூவலிங்கம். "முன்னப்பின்ன மாப்பிள்ளையே பாக்காத மெஷினை நம்பி நம்ம வீரணனை விடச் சொல்றியா?"

இதுவும் நியாயம், அதுவும் நியாயம். இரண்டிலும் போட்டுப் பார்த்துவிடுவதென்று முடிவாயிற்று.

பிரிண்டர் வந்தது. "தாளைக் கைபடாம வைங்க. மை தீரத் தீர அடுத்ததை மாட்டுங்க" என்று விற்றவர் சொல்லியிருந்தார். சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள் இவர்கள். வீரணன் நாற்காலியில் சாய்ந்து, தாளைக் கால்விரலால் கவ்வி, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள உள்ளே தள்ளினான். நீல மையை மாட்டினார்கள். அது தீராததால் மற்ற மூன்று வண்ணமும் பீரோவிலேயே இருந்தன. பிரிண்டர் முக்கி முனகி, உச்சி முதல் கழுத்து வரை நீலமாக ஒரு வீரணனைத் துப்பியது.

"சாமி களைடா!" என்றான் ஒச்சப்பன்.

பூவலிங்கம் டவுனுக்குப் போய் போட்டோக் கடையில் ஒன்று போட்டு வந்தான். அது பளபளவென்று இருந்தது. "தண்ணி படாம, வெயில் படாம பாத்துக்கச் சொன்னாங்க" என்றான். அவ்வளவுதான், வீரணன் குளிக்கவில்லை. போர்வைக்குள் முடங்கிக் கிடந்தான்.

எது நல்லது என்று தீராமல், இரண்டையும் பெண்வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான்காம் நாள் தரகர் ஓடிவந்தார். "பேச்சியம்மாளுக்குப் பிடிச்சிருச்சு! அந்த நீலக்காரர் சீக்காளி மாதிரி இருக்காராம், வேணாமாம். இன்னொருத்தரையே முடிச்சிரலாமாம்!" தரகரும் மந்தைப்பட்டிக்காரர்தானே.

வீரணன் ஓவென்று அழுதான். "பதினேழு வீட்டுப் படி ஏறி இறங்குனது நானு. நேத்து வந்தவனுக்குப் பொண்ணா?"

"நீ எந்த வீரணன்டா?" என்றான் பூவலிங்கம்.

"வீட்லயே தான கெடக்கேன்?"

"அப்ப நீ வீட்டு வீரணன்தான்" என்று ஒச்சப்பனும் அழுதான்.

பேச்சியம்மாளை விட்டுக்கொடுக்க வீரணனுக்கு மனசில்லை. மூவரும் போட்டோக் கடைக்குப் போய், நீலப் படத்தில் தொடங்கி நடந்ததையெல்லாம் சொன்னார்கள். "உங்க ஆளுகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும். அவருக்கு ஆயிரம் பொண்ணு கிடைக்கும்" என்று கெஞ்சினான் வீரணன். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க நீலமாவா இருக்கீங்க?"

வீரணன் மூக்கு, காது, நாக்கு எல்லாம் பார்த்தான். எங்கேயும் நீலம் இல்லை. "டேய், நான்தாண்டா கடை வீரணன்!" என்று அங்கேயே குதித்தான்.

பங்குனியில் கல்யாணம். வீரணன் குளித்துவிட்டே மணையில் உட்கார்ந்தான். பேச்சியம்மாள் பக்கத்தில் தலைகுனிந்து இருந்தாள். கெட்டிமேளம் கொட்டப் போகிற நேரம், போட்டோக்காரர் வந்து படபடவென்று முப்பது படம் எடுத்துத் தள்ளினார். வீரணன் மணையை விட்டுத் துள்ளி எழுந்தான்.

"ஒச்சப்பா, வாசலை அடைடா!" என்று அலறினான். "இன்னும் முப்பது பேரு வர்றானுங்க!"

ஒச்சப்பன் கம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பூவலிங்கம் பந்திக்கு ஓடி, முப்பது இலை கூடப் போடச் சொன்னான்.