கதவில்லாத நட்சத்திரம்

முதலாவது, பறித்த இலையில் ஈரம் இருக்கிறது என்று சொல்லிக் கூடைக்கு இரண்டு கிலோ கழித்தார்கள்.

இரண்டாவது, குளிர்காலத்துக்குக் கொடுத்துவந்த கம்பளியை நிறுத்தினார்கள்.

மூன்றாவது, ஏன் என்று கேட்ட பதினோரு பேரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

நான்காவது, இலை எடைபோடும் கொட்டகையில் ஒரு பெண் தொழிலாளி குளிரில் உயிரிழந்தார்.

ஐந்தாவது, நியாயம் கேட்ட மதலைமுத்துவை நாற்பத்தொரு நாள் சிறையில் வைத்தார்கள்.

ஆறாவது, அதே மதலைமுத்துவை, ஓய்வுபெற்று வருஷங்கள் ஆகிவிட்டன என்று காரணம் காட்டி, இந்த டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், தேயிலைத் தோட்ட நிர்வாகம் செய்த அநியாயங்களின் இந்த வரிசையை மதலைமுத்து மாற்றிச் சொல்லமாட்டார். முதல் ஐந்தும் அச்சில் இருந்தன. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன், தொழிலாளர் சங்கத் தலைவராக அவரே எழுதி, அடிவாரத்து அச்சகத்தில் அடித்த நோட்டீஸ். ஆறாவதைப் பேனாவால் சேர்த்திருந்தார். கொடுத்தது போக மிஞ்சிய ஒரு கட்டு இன்னும் அவர் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

அந்தக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டிசம்பர் பத்தாம் தேதி சாயங்காலம், மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்கு வந்தார்.

கொட்டகையில் செசிலி மூங்கில் சீவிக்கொண்டிருந்தாள். ஃபாக்டரியில் தேயிலைத் தூள் சலிப்பவள். நாற்பது வயது. டிசம்பர் பிறந்தால் ஷிஃப்ட் விட்டதும் இங்கே வந்துவிடுவாள். மூங்கில், நூல், மைதாப் பசை, பழைய தாள். இவ்வளவுதான் சாமான். கேட்டு வருகிறவர்களுக்குக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்யச் சொல்லித்தருவாள். அவள் அப்பா வயது ஆட்களும் அந்தக் கொட்டகைக்குள் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாத்தியாரம்மா, எனக்கு ஒரு நட்சத்திரம் செய்யத் தெரியணும்."

செசிலி நிமிர்ந்து பார்த்தாள். "தோழருக்கா? போன வருஷம் வரைக்கும் இதெல்லாம் வேலையத்த வேலைன்னு சொன்னீங்களே."

"இப்ப வேலை இருக்கு."

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். இருபத்துநாலாம் தேதி பொழுது சாயும் நேரத்தில், கையால் நட்சத்திரம் செய்தவர்கள் கோயில் முற்றத்தில் வரிசையாக நிற்பார்கள். கடையில் வாங்கிய நட்சத்திரத்துக்கு அங்கே இடமில்லை. கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஒவ்வொருவரிடமும் "யார் பேரில்?" என்று கேட்பார். செய்தவர், இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொல்வார். முற்றமே "கேட்டோம்" என்று சொல்லும். பிறகுதான் நட்சத்திரம் கம்பியில் ஏறும். முன்வரிசை நாற்காலியில் தோட்டத்து மேனேஜரான துரை உட்கார்ந்திருப்பார். துரைகள் மாறினார்கள். நாற்காலி மாறவில்லை.

மதலைமுத்து கட்டைப் பிரித்துக் காட்டினார். "இதுதான் ஒட்டுற தாள். அஞ்சு முனையிலும் நோட்டீஸ். துரை மூஞ்சிக்கு நேரே பிடிக்கணும். பேசவிடமாட்டாங்க, தெரியும். படிக்கறதை எவன் தடுப்பான்?"

"நல்ல தாள்தான். மெல்லிசா இருக்கு," என்றாள் செசிலி. நோட்டீசைப் படிக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். "முதல்ல மூங்கில் சீவுங்க."

இரண்டு நாள் மூங்கில் சீவினார். மூன்றாம் நாள் ஐந்து குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து முனைகளைக் கட்டினார். எழுபதை நெருங்கும் கை. ஆனாலும் கொடிக்கம்பம் கட்டிப் பழகிய கை. ஒவ்வொரு கட்டையும் பல்லால் கடித்து இறுக்கினார்.

செசிலி அதைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கால் நீண்டு, ஒரு கால் குட்டையாக, நொண்டிச் சேவல் மாதிரி இருந்தது.

"என்ன தப்பு?" என்றார்.

"முதல் கட்டையே இறுக்கிட்டீங்க. அஞ்சும் சேர்ந்து நிக்கற வரைக்கும் நூல் கொஞ்சம் தளர்வா இருக்கணும்."

"தளர்வா விட்டா எவன் ஒழுங்கா நிப்பான்?"

"மூங்கிலைத்தான் சொல்றேன், தோழரே."

அவிழ்க்க முடியவில்லை. அறுத்துவிட்டு மறுபடி கட்டினார்.

இரண்டாவது நட்சத்திரம் நேராக வந்தது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு கூடு. நடுவில் சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்து வயிற்றை உப்பவைத்தார். நோட்டீஸ்களைப் பசை தடவி ஒட்டினார். பனியில் பசை காயவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திருப்பித் திருப்பிக் காட்டிக் காயவைத்தார். காய்ந்ததும் தாள் முறுக்கேறி மத்தளம் மாதிரி நின்றது. முன்னும் பின்னும் பக்கமும், விரல் நுழைய இடமில்லாமல் அவ்வளவு கச்சிதம்.

மறுநாள் சாயங்காலம் அதைக் கொட்டகை நடுவில் வைத்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்படி?"

செசிலி ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். அதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நிறுத்தினாள். சிரட்டையைக் கையில் பிடித்தபடி நட்சத்திரத்தை ஒருமுறை சுற்றிவந்தாள். இன்னொரு முறையும் சுற்றிவந்தாள். பிறகு சிரட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

"வையுங்க."

மதலைமுத்து முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். மெழுகு உருகி அவர் கட்டைவிரலில் சொட்டியது.

"கதவு விடணும்னு சொல்லவே இல்லையே!"

"வெளிச்சம் வெளியே இருந்து வரும்னு நினைச்சிருந்தீங்களா?"

"நீ என்னைக் கேலி பண்றே."

"இல்லை. மூணாவது நட்சத்திரத்துக்கு மூங்கில் இருக்கான்னு பாக்கறேன்."

இருந்தது. அவர் கோபத்தோடு வெளியே போய், அதே கோபத்தோடு திரும்பிவந்து, மறுபடி சீவ உட்கார்ந்தார். போலீஸ் தடிக்கு எழுந்துபோகாதவர் மூங்கிலுக்கு எழுந்துபோனார் என்று பேர் வரக்கூடாது.

மூன்றாவது நட்சத்திரம் இருபதாம் தேதி முடிந்தது. பின்பக்கம் ஒரு தாளை மூன்று ஓரம் வெட்டி, ஒரு ஓரத்தை மடித்துக் கதவு வைத்திருந்தார். தாளின் மேல் செசிலி சொன்னபடி துணியால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவியிருந்தார்.

செசிலி மெழுகுவர்த்தியை உள்ளே வைத்தாள். பழுப்புத் தாள் பொன்னாகியது. எழுத்துகள் கறுப்பாக எழுந்து நின்றன.

"படிங்க, தோழரே."

அவருக்கு அது போதும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் நிற்பது போல நிமிர்ந்தார். முதலாவது, என்று ஆரம்பித்தார். தகரக் கூரை அதிர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது, இலை எடைபோடும் கொட்டகையில் ஒரு பெண் தொழிலாளி...

"யார் பேரில்?" என்றாள் செசிலி.

"என்ன?"

"உபதேசியார் கேட்பாரு. என்ன சொல்வீங்க?"

"இதோ, இந்தப் பெண் பேரில்தான்."

"பேரு?"

வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். மதலைமுத்து நோட்டீசை மேலிருந்து கீழே மறுபடி ஒருமுறை தேடினார்.

"தினக்கூலி. தோட்டத்துப் பதிவேட்டிலேயே அவ பேரு கிடையாது. அதுதானே குற்றம்?"

"நோட்டீசை அடிச்சது தோட்டமா?"

"நோட்டீசில் இடம் பத்தலை. அச்சகத்துக்காரன் இத்தனை வரிதான்னு சொல்லிட்டான்."

செசிலி கதவு வழியே கையை விட்டுச் சிரட்டையை மெல்லக் கீழே நகர்த்தினாள். வெளிச்சம் கீழ் முனைக்கு இறங்கியது. 'இவண், க. மதலைமுத்து' என்ற தடித்த எழுத்தில் போய் நின்றது.

மதலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவர் கொட்டகைக்கு வரவில்லை. வேறு ஏதாவது ஏட்டில் அவள் பேர் இருக்குமோ என்று தோட்டத்து ஆபீசுக்குப் போனார். பழைய பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். கீழ் லைன் வீடுகளில் விசாரித்தார். "அந்தக் காய்ச்சல்காரியா?" என்றார்கள். நடு லைனில் விசாரித்தார். "மேட்டு லைன்காரின்னு சொல்வாங்க," என்றார்கள். பேர் மட்டும் எவர் வாயிலும் இல்லை.

இருபத்துமூன்றாம் தேதி காலையில், புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேட்டு லைனுக்கு ஏறினார். அந்தக் காலத்து ஆட்களில் அங்கே மிச்சமிருந்தது வேலம்மாள் ஒருத்தி. அவரைவிட ஐந்து வயது மூத்தவள். வெயிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னார்.

"நாப்பத்திரண்டு வருஷம் கழிச்சு வந்து கேக்கறியாக்கும்," என்றாள் வேலம்மாள். "எட்டாம் நம்பர் வீடு. முத்தையா மக. எனக்குப் பக்கத்துலதான் கொழுந்து எடுப்பா. உனக்குத் தெரியாதா அவளை?"

"பார்த்திருப்பேன்."

"பார்த்திருப்பேனா? நீங்க மூணு பேரு கம்பளி கேட்டு உண்ணாவிரதம் உக்காந்தீங்களே, நினைப்பிருக்கா?"

"மறக்குமா?"

"உக்காந்தவங்களுக்குக் குளிருதுன்னு உங்க ஆளுங்க லைன் லைனா வந்து, வீட்டுக்கு ஒரு கம்பளின்னு வாங்கிட்டுப் போனாங்க. எல்லாரும் ரெண்டு இருந்தா ஒண்ணு குடுத்தோம். அவ வீட்டுல இருந்ததே ஒண்ணு. சிவப்பு ஓரம் போட்டது. வேணாம்டின்னேன். தலைவரு குளிர்ல செத்துட்டா நமக்கு யாரு பேசுவான்னு சொல்லிக் குடுத்துட்டா. நாலாம் நாள் காய்ச்சலோட எடைக்கு வந்தா. கூடையை எறக்கி வைக்கல. அப்படியே சரிஞ்சுட்டா."

சிவப்பு ஓரம் அவருக்கு நினைவிருந்தது. உண்ணாவிரதத்தில் அதைப் போர்த்தியிருந்தவர் அவர்தான். கதகதப்பாகவும் இருந்தது.

"அவ பேரு?" என்றார்.

வேலம்மாள் சொன்னாள். அவர் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"சோறு தின்னுட்டுப் போயேன். மூஞ்சி செத்துப்போயிருக்கு."

"வேலை இருக்கு," என்று இறங்கிவிட்டார்.

கொட்டகையில் செசிலி கடைசிப் பசையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மதலைமுத்து நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிறகு கேட்டார்.

"வாத்தியாரம்மா, இதைப் பட்டியலில் எத்தனையாவதாகப் போடறது? கம்பளியை நிறுத்தினது தோட்டம். அது ரெண்டாவது. அவ செத்தது நாலாவது. நடுவில் கம்பளியை வாங்கினது நாங்க. மூணாவதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

செசிலி கை கழுவினாள். ஒரு வெள்ளைத் தாள் துண்டும் பேனாவும் எடுத்துக் கொடுத்தாள்.

"பேரை எழுதுங்க."

எழுதினார். ஆயிரம் நோட்டீஸ் எழுதிய கை. இந்த ஒரு வரிக்கு வெகுநேரம் பிடித்தது.

"என் பேரை அழிக்கமாட்டேன்," என்றார் திடீரென்று. "கையெழுத்துப் போட்டவன் நான். எவனாவது பதில் கேட்டா நான்தான் சொல்லணும்."

"அழிக்கச் சொன்னேனா?"

"அந்த ஆறும் உண்மை. அதையும் மறைக்கமாட்டேன்."

"மறைக்கச் சொன்னேனா?"

"அப்ப இதை எங்கே ஒட்டறது?"

செசிலி நட்சத்திரத்தைத் திருப்பினாள். கதவைத் திறந்து, அதன் உள்பக்கத்தில் பசை தடவினாள்.

மறுநாள் பொழுது சாய்ந்தது. முற்றம் நிறைந்திருந்தது. மேட்டு லைனிலிருந்து வேலம்மாளை யாரோ கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார்கள். முன்வரிசையில் துரை உட்கார்ந்திருந்தார். மதலைமுத்து மெழுகுவர்த்தி ஏற்றிய நட்சத்திரத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து நின்றார். எழுத்துகள் எரிவதுபோலத் தெரிந்தன. துரை படிப்பதை எல்லாரும் பார்த்தார்கள். ஆபீஸ் கிளார்க் எழுந்துவிட்டார்.

"உபதேசியார், இது துண்டுப் பிரசுரம். இறக்கச் சொல்லுங்க."

"தாள்ல என்ன இருக்குன்னு கேக்கற வழக்கம் இங்கே இல்லைங்க," என்றார் உபதேசியார். "நான் பேரைத்தான் கேப்பேன்."

"இவர் ஆபீசுல வந்து தேடினாரே, அந்தப் பொண்ணு கிறிஸ்தவ வேதக்காரி இல்லையாமே?" என்றார் கிளார்க்.

"அதையும் கேக்கற வழக்கம் இல்லை. நீங்க உக்காருங்க."

உபதேசியார் மதலைமுத்துவிடம் வந்து நின்றார்.

"யார் பேரில்?"

மதலைமுத்து நட்சத்திரத்தைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். எழுத்துகளெல்லாம் துரையின் பக்கம் இருந்தன. தன் பக்கமிருந்த கதவைத் திறந்தார். வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. உள்ளே ஒட்டியிருந்ததைப் படித்தார்.

மலையடிவாரம் வரை கேட்ட குரல் அது. அன்றைக்கு முன்வரிசையைக்கூட எட்டவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "கேட்டோம்" என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசி வரிசையிலிருந்து செசிலியின் குரல் வந்தது.

"கேக்கலை, தோழரே."

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"மேட்டு லைன், எட்டாம் நம்பர் வீடு, முத்தையா மகள் சடைச்சி."