எரிந்ததைத் திருப்புவேன் என்றவன்

பல தலைமுறைக்கு முன்னால், கடல் இவ்வளவு தள்ளிப் போகாத காலத்தில், நெடுவேலன் என்றொரு ராஜா இருந்தான். குறுக்கே பேசாமல் கேளுங்கள். பயமாயிருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், என்னைக் குறை சொல்லக் கூடாது.

ராஜாவுக்கு மருதன் என்று ஒரே தம்பி. அவன் எதிரிக்குக் கோட்டை வழியைக் காட்டிக்கொடுத்தான் என்று யாரோ கோள் மூட்டிவிட்டார்கள். தம்பியோ இல்லவே இல்லை என்றான். அந்த நாட்டில் துரோகியை, சிப்பி சுடும் சுண்ணாம்புக் காளவாயில் தள்ளிவிடுவார்கள். நெருப்பு மட்டும் ராஜா தன் கையால்தான் வைக்க வேண்டும். நெடுவேலனுக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான், ஓர் உச்சி வேளையில், அவன் வந்தான். ஊரும் சொல்லவில்லை, பேரும் சொல்லவில்லை. அவனைப் பார்த்து நாய்கள் குரைக்கவில்லை, சுவரோரம் ஒண்டிக்கொண்டன. அவன் உதட்டில் சாம்பல் பூத்திருந்தது.

"மாறிப்போன எதையும் திருப்பித் தருவேன்" என்றான்.

ராஜா ஒரு பிடி உப்பைத் தண்ணீரில் கரைக்கச் சொன்னான். வந்தவன் அதன்மேல் மூச்சு விட்டான். தண்ணீர் ஆவியாகிப் போனது. அடியில் உப்பு நின்றது.

ராஜா நெய்யை உருக்கச் சொன்னான். வந்தவன் கிண்ணத்தைத் தொட்டான். நெய் உறைந்தது, பக்கத்தில் நின்றவர்களுக்குப் பல் கிட்டியது.

ராஜா தன் மோதிரத்தை உருக்கச் சொன்னான். வந்தவன் கொதிக்கிற பொன்னை உள்ளங்கையில் வாங்கி மூடினான். திறந்தால் அதே மோதிரம்! கையில் ஒரு கொப்புளம் இல்லை.

"உன் தம்பியையும் எரி" என்றான் மெதுவாக. "திருப்பித் தருகிறேன். செத்துத் திரும்பியவன் வாயில் பொய் வராது. உண்மை தெரிந்துவிடும்."

தப்பென்றால் திருப்பிக்கொள்ளலாமே என்று ராஜா நினைத்தான், மடையன்! தன் கையாலேயே காளவாயை மூட்டினான். மருதனைக் கட்டி இழுத்துவந்தார்கள். "அண்ணா, நான் செய்யலை அண்ணா" என்று அவன் கதறினான்.

ராணி வெண்ணி குறுக்கே வந்து நின்றாள்.

"கரைந்த பிறகும் உப்பு உப்பாகத்தான் இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. உருகினாலும் நெய் நெய்தான், பொன் பொன்தான். எரிந்தது அப்படியா? முதலில் எரிந்த பொருள் ஒன்றைத் திருப்பிக் காட்டட்டும்."

"ஒரு விறகைப் போடு" என்றான் ராஜா.

"விறகுக்கு என்ன அடையாளம்? வேறொன்றை வைத்து ஏமாற்றிவிடுவான். நீங்கள் மறக்கவே முடியாத பொருளாக இருக்கட்டும்."

மடியிலிருந்து ஒரு மரப்பாச்சியை எடுத்தாள். அவர்களுடைய ஒரே மகள் நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அந்தக் குழந்தை பால்பல்லால் கடித்த தடம் பொம்மையின் தோளில் இருந்தது.

"வெண்ணி, வேண்டாம்!"

"அவன்தான் திருப்பித் தரப்போகிறானே, என்ன பயம்?" என்றாள். பல் தடத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். காளவாயில் போட்டுவிட்டாள்.

மரப்பாச்சி எரிந்து முடிந்தது. வந்தவன் நெருப்புக்குள் கைவிட்டு அந்தச் சாம்பலை அள்ளினான். ஊதினான், சாம்பல் பறந்தது. பிசைந்தான், சாம்பல் உதிர்ந்தது. மூடித் திறந்தான், சாம்பல்தான்.

"அந்தப் பல் தடம் மட்டுமாவது கொடய்யா" என்று ராஜா கெஞ்சினான்.

வந்தவன் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டான். "எரிந்தது எனக்கு ஆகாரம். உன் தம்பியும் ஆகியிருப்பான்" என்று சிரித்தான். மறுநொடி அவன் நின்ற இடத்தில் வெயில் மட்டும் இருந்தது.

ராஜா ஓடிப்போய்த் தன் கையாலேயே தம்பியின் கட்டை அவிழ்த்தான். பிறகு பொறுமையாக விசாரித்தான். மருதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. தம்பி உயிரோடு கிடைத்தான் என்று ராஜா சிரித்தான். மகளை இரண்டாம் தடவை பறிகொடுத்தேனே என்று அழுதான். ராணியும் அழுதாள்.

கரைந்ததும் உருகியதும் திரும்பி வரும், எரிந்தது வரவே வராது. ஆகையால் நெருப்பு வைக்கும் முன்பே தீர விசாரிக்க வேண்டும்.