அதில் கோணல் இல்லை

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கேட்ட ஓசை அது.

கடற்கரை மணலில் பதினேழு குரல்கள் பாடின. பிறகு பதினாறு. பிறகு பதினைந்து.

இரண்டு குரல்கள் இருந்தவரை அது பாட்டாகவே இருந்தது. ஒன்று மட்டும் மிஞ்சியபோது அது யாருடைய குரல் என்று கயித்தானுக்குத் தெரிந்துவிட்டது.

“ஆண்டவரே, உமது தீர்ப்பு நேரானது. அதில்…”

அதற்கு மேல் அலை மட்டும் கேட்டது.

கயித்தான் வள்ளம் கட்டும் தச்சர். அந்தக் குரல் அவருடைய மகன் எஸ்தாக்கியின் குரல். அன்று காலை ராஜாவின் ஆட்கள் வந்து, கோயிலில் செபம் செய்துகொண்டிருந்த பதினேழு ஆண்களையும் பிடித்தார்கள். கிறிஸ்துவை மறுதலிக்கச் சொன்னார்கள். ஒருவரும் மறுதலிக்கவில்லை. மணலில் முழங்காலிட வைத்து ஒவ்வொருவராக வெட்டினார்கள்.

ஊர்க்காரர்களைப் பனந்தோப்புக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். ஆகவே கயித்தான் எதையும் பார்க்கவில்லை. கேட்டார்.

வெட்டப்பட்டவர்களில் முதல் ஆள் ஊர் உபதேசியார். அவர் மனைவி வியாகுலம், கயித்தானைவிடப் பதினைந்து வயது இளையவள், அவர் விட்ட இடத்திலிருந்து ஊருக்குப் பாட்டும் செபமும் சொல்லிக்கொடுத்தாள். மணி அடிக்கக் கூடாது, வெளியே பாடக் கூடாது என்று கட்டளை. பன்னிரண்டு வருடமும் கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சுக்குள்ளேயே பாடினார்கள்.

கயித்தானும் பாடினார். அந்த ஒரு வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வார்.

வியாகுலம் ஒரு தடவையும் ஏன் என்று கேட்டதில்லை.

பிறகு பழைய ராஜா இறந்தார். புதியவர் ஒரு சலுகை தந்தார். வருடத்தில் ஒரு நாள், அந்தப் பதினேழு பேரின் நாளில், மணலில் நின்று உரக்கப் பாடலாம். ஆனால் பாட்டை ஓலையில் எழுதி முன்னதாகவே ராஜாவின் சாவடியில் காட்ட வேண்டும்.

வியாகுலம் எழுதிக்கொண்டிருந்தபோது கயித்தான் வந்து நின்றார்.

“அந்த வரியை எடுத்துடுங்கம்மா.”

“எந்த வரியை?”

“உங்களுக்குத் தெரியும்.”

எழுத்தாணி நிற்கவில்லை.

“இது யாரு பாடுற பாட்டு அண்ணே?”

“சாட்சியா செத்தவங்க பாடுறது. கடைசி நாள்ல, மோட்சத்துல இருக்கிற கண்ணாடிக் கடல் ஓரத்துல நின்னு பாடுறது. சின்னப் புள்ளைக்கும் தெரியும்.”

“அவங்க பாட்டுல நான் எப்படிக் கை வைக்கிறது?”

“அவங்களுக்குத்தான் புத்தி இல்லைங்கறேன். வெட்டுப்பட்டவன் என்ன செய்யணும்? ஆண்டவரை வழிமறிச்சு நிக்கணும். ‘என்னைக் குனிய வெச்சப்ப எங்கே போயிருந்தீர்?’னு கேக்கணும். அதை விட்டுட்டு, நீர் செஞ்சதெல்லாம் நேர்னு புகழ்ந்தா அவன் என்ன மனுசன்?”

வியாகுலம் அடுத்த வரிக்குப் போனாள்.

“பலகை கோணியிருந்தா கோணல்னு சொல்றவன் நான். யாரு வள்ளமா இருந்தாலும் சொல்வேன். என் மகன் கழுத்துக்கு மேல கத்தி நிக்குது. அவன் வானத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டுக்கிட்டே செத்தான். அதை என் வாயால பாடச் சொல்றீங்களா?”

“நான் சொல்லலையே அண்ணே. பன்னிரண்டு வருசத்துல ஒரு நாளும் சொல்லலையே.”

“அப்ப எடுத்துடுங்க.”

அவள் கடைசி எழுத்தை எழுதி முடித்தாள். கரியை எண்ணெயில் குழைத்து ஓலைமேல் தடவித் துடைத்தாள். எழுத்துகள் கறுப்பாக எழுந்து வந்தன. ஓலையை அவரிடம் நீட்டினாள்.

“சாவடிக்கு நீங்க கொண்டுபோங்க.”

“நானா? எனக்குப் படிக்கத் தெரியாதே.”

“படிக்கிறவர் அங்கே இருக்கார்.”

“யாரு, அன்னிக்கு ராஜாவோட தீர்ப்பை வாசிச்சவனா? அவன் முன்னால போய் நிக்கவா?”

“எந்த வரியை எடுக்கறதுன்னு அவர்கிட்டயே கேளுங்க.”

கயித்தான் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அது எங்கே இருக்கு?”

வியாகுலம் விரலால் தொட்டுக் காட்டினாள். அந்த இடத்தைத் தன் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கயித்தான் நடந்தார். சாவடி வரும்வரை விரலை எடுக்கவில்லை.

சாவடி அதிகாரிக்குத் தலை நரைத்திருந்தது. வெற்றிலையை மென்றுகொண்டே உரக்கப் படித்தார்.

“‘கடலிலிருந்து ஏழு தலை மிருகம் எழும்பியது.’ ஏழா? எனக்கு இருக்கிற ஒரு தலைவலியையே தாங்க முடியலை ஓய். இருக்கட்டும்.”

வெட்டச் சொன்ன ராஜாதான் அந்த மிருகம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

“‘கடல் இரத்தமானது.’ இது மீன் பிடிக்கிறவங்க பாடுற பாட்டா? அப்புறம் வலையில எது விழும்? இருக்கட்டும். ‘மாநகரம் விழுந்தது.’ எந்த மாநகரம்?”

“தெரியாதுங்க ஐயா. தூரத்துல ஏதோ ஒண்ணு.”

“தூரத்துலன்னா விழட்டும்.”

அடுத்த வரியில் அவர் குரல் நின்றது. வாய்க்குள் படித்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடியும் படித்தார்.

“இங்கே மட்டும் கரி கலைஞ்சிருக்கே.”

“என் விரல் பட்டிருக்கும் ஐயா.”

“இது வேண்டாம்.”

“எதுங்க?”

“‘ஆண்டவரே, உமது தீர்ப்பு நேரானது. அதில் கோணல் இல்லை.’ இந்த வரி.”

கேட்க வந்ததைக் கேட்காமலேயே கொடுத்துவிட்டார். கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கயித்தான் திரும்பவில்லை.

“ஐயா, மிருகத்தை விட்டீங்க. இரத்தத்தை விட்டீங்க. இது வெறும் துதிதானே?”

“துதியா?” அதிகாரி மேசைக் கத்தியைத் தேடினார். “நீர் அன்னிக்கு இருந்தீரா?”

“பனந்தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.”

“அப்ப உமக்குக் காதால கேட்டதுதான். எனக்கு அப்படி இல்லை.”

கத்தி கிடைத்தது. உடனே அவர் சுரண்டவில்லை.

“கடைசியா ஒரு பையன். இருபது வயசு இருக்கும். ராஜாவோட தீர்ப்பை வாசிச்சுட்டு அந்த ஓலையைக் கையிலேயே வெச்சிருந்தேன். மத்தவங்க கண்ணை மூடிக்கிட்டுப் பாடினாங்க. சிலபேர் மேலே பார்த்தாங்க. அவன் மேலே பார்க்கலை. என்னைப் பார்த்தான். என் கையில இருந்த ஓலையைப் பார்த்தான். பார்த்துக்கிட்டே இந்த வரியைப் பாடினான். நேரானது அதுன்னா, என் கையில இருந்தது எது?”

அதிகாரி கத்தி நுனியை அந்த வரிமேல் வைத்தார்.

“பாட்டு முடியறவரைக்கும் பொறுத்திருக்கலாம். இன்னும் ரெண்டு வார்த்தைதான் பாக்கி. நான்தான் வெட்டச் சொல்லிக் கையைக் காட்டிட்டேன். அந்த ஓலையை அதுக்கப்புறம் நான் பிரிச்சதே இல்லை.” அவர் நிமிர்ந்தார். “அவன் யாருன்னு உமக்குத் தெரியுமா?”

“தெரியும் ஐயா. என் மகன்.”

வெளியே யாரோ ஒரு காவற்காரன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அதிகாரி குனிந்து வரியைச் சுரண்டினார். ஓலை கிழிந்துவிடுமோ என்னும் அளவுக்குச் சுரண்டினார். தூளை வாயால் ஊதினார்.

“இதை எவன் பாடினாலும் உப்பளம். அங்கே போனவன் திரும்பினதில்லை. தெரியுமில்ல?”

“தெரியும் ஐயா.”

கயித்தான் திரும்பி வந்ததும் வியாகுலம் ஓலையை வாங்கிச் சுரண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

“நீங்க கேட்டது கிடைச்சுடுச்சே அண்ணே.”

கயித்தான் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“அவன் வானத்தைப் பார்க்கலையாம்.”

“ஆமா.”

“ஆமாவா? உங்களுக்குத் தெரியுமா?”

“பொண்டாட்டிமாரை மட்டும் மணல்ல முன்வரிசையில நிறுத்தி வெச்சாங்க. பார்த்தேன்.”

“பன்னிரண்டு வருசம்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நான் சொல்லியிருந்தா, ஆறுதலுக்குச் சொல்றாள்னு நினைச்சிருப்பீங்க.”

அவர் கையை விரித்துப் பார்த்தார். பெருவிரலில் கரி ஒட்டியிருந்தது.

“அந்த இடத்துல மறுபடியும் எழுதுங்க.”

“சுரண்டின ஓலையில எழுத்து நிக்காது. அந்த இடம் வந்ததும் எல்லாரும் நிறுத்திடுவோம் அண்ணே. புள்ளகுட்டிக்காரங்க இருக்காங்க.”

“நிறுத்துங்க” என்றார் கயித்தான். “அவசரப்படாம நிறுத்துங்க.”

அந்த நாள் வந்தது. மணலில் ஊர் முழுவதும் நின்றது. அதிகாரி முக்காலி போட்டு, சுரண்டிய பாட்டு ஓலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் எட்டுக் காவற்காரர்கள்.

உரக்கப் பாடுவது எப்படி என்று முதலில் பலருக்கும் மறந்து போயிருந்தது. குரல்கள் பிசிறின. பிறகு ஒன்று சேர்ந்தன. மிருகம் எழும்பியது. கடல் இரத்தமானது. மாநகரம் விழுந்தது.

வியாகுலம் கையை உயர்த்தினாள். ஊர் நிறுத்தியது.

அலை மட்டும் கேட்டது.

கயித்தான் கண்ணை மூடவில்லை. மேலே பார்க்கவில்லை. முக்காலியைப் பார்த்தார். அதன்மேல் இருந்தவரின் கையிலிருந்த ஓலையைப் பார்த்தார்.

“ஆண்டவரே, உமது தீர்ப்பு நேரானது.”

நல்ல குரல் இல்லை. மரத்தூள் அடைத்த தொண்டை.

அதிகாரியின் கை எழுந்தது. பாதியில் நின்றது.

“அதில் கோணல் இல்லை.”

அன்று மாலையே கயித்தானை உப்பளத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்கு வருடம் அங்கே உப்பு வாரினார். அங்கேயே இறந்தார்.