பதினைந்து துண்டுகள்

"டீச்சர், இந்த ஓவனை நீங்களே வெச்சுக்கோங்க."

தணிகாசலம் ஓவனைத் தரையில் இறக்கி வைத்தார். கோத்தகிரி சாலையிலிருந்து ஃபிலோமினா டீச்சர் வீட்டுக்கு எண்பத்திரண்டு படி. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியிருந்தார்.

டீச்சர் மாவு சலித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பத்துநான்கு. தணிகாசலத்துக்கு அறுபத்துமூன்று.

டீச்சர் வீட்டிலேயே கேக்கும் சாக்லேட்டும் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். சனிக்கிழமைகளில் கற்றுக்கொடுப்பார். கற்க வந்தவர்களில் ஒரு நாளும் தாமதமாக வராதவர் தணிகாசலம் ஒருவர்தான்.

"ஓவன்ல என்ன குறை அண்ணா?"

"ஓவன்ல குறை இல்ல. என் கையிலதான்."

"என்ன ஆச்சு?"

"ஏழு ஞாயித்துக்கிழமை பிரவுனி செஞ்சேன். வீட்டுல அஞ்சு பேர். தட்டுக்குப் பதினஞ்சு துண்டு. ஆளுக்கு மூணு."

"சரி."

"ஆளுக்கு ஒண்ணு சாப்பிடறோம். 'நல்லாருக்கு'ங்கறாங்க. எழுந்து போயிடறாங்க. பத்து மிச்சம். ஏழு வாரமும் பத்து. ஒரு வாரமாவது ஒன்பது ஆகணுமே? ஆகல."

"நல்லாருக்குன்னுதானே சொல்றாங்க?"

"நல்லாருக்குன்னு சொல்லிட்டு எழுந்திரிக்கறது வேற டீச்சர். 'இன்னொண்ணு'ன்னு கை நீட்டறது வேற. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுடணும்னுதான் இதைக் கத்துக்கிட்டேன்."

டீச்சர் ஓவனைப் பார்த்தார்.

"அதுக்காக இதை இவ்வளவு படி சுமந்துட்டு வந்தீங்களா?"

"சமையல்கட்டுல உக்காந்து என்னையே பார்த்துட்டு இருக்கு. தாங்க முடியல."

தணிகாசலம் ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார். நேற்றைய மிச்சத்தில் இரண்டு துண்டு இருந்தது. டீச்சர் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார்.

"வெண்ணெய்?"

"நூத்தி அம்பது கிராம்."

"சாக்லேட்?"

"இருநூறு. உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணி படல."

"எத்தனை நிமிஷம்?"

"இருபத்தேழு."

"ஒரு குறையும் இல்லையே அண்ணா."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

டீச்சர் இரண்டாவது துண்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார்.

"நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கே."

தணிகாசலத்தின் முகம் சற்று மலர்ந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் இலை எடை போட்டவர் அவர்.

"ஸ்கேல் வெச்சு வெட்டுவேன். தட்டு பதினொண்ணுக்கு ஏழு இஞ்ச். நாலு ஓரத்துலயும் அரை இஞ்ச் எடுத்துட்டா பத்துக்கு ஆறு. ரெண்டு இஞ்ச் சதுரமா சரியா பதினஞ்சு. ஒருத்தருக்குக் கூடுதல் இல்ல, ஒருத்தருக்குக் குறைச்சல் இல்ல."

"வெட்டி எடுத்த ஓரம்?"

"அது பிசிறு டீச்சர். தேயிலையில காம்பு, நாரு இருக்கில்ல, அது மாதிரி. ஒரு கிண்ணத்துல போட்டு அடுப்படியில வெச்சுடுவேன்."

"அப்புறம்?"

"கூடத்துல தட்டு வைக்கப் போயிடுவேன். திரும்பி வந்து பார்த்தா, கிண்ணத்தை யாராவது கழுவிக் கவுத்திருப்பாங்க. அந்த விஷயத்துல குறை சொல்லக் கூடாது. வேலை பார்க்கத் தெரிஞ்ச குடும்பம்."

டீச்சர் சல்லடையை எடுத்துக்கொண்டார். சலித்துக்கொண்டே சொன்னார்.

"இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை செய்யுங்க அண்ணா."

"எதை மாத்தணும்?"

"எதையும் மாத்தாதீங்க. கிண்ணத்தை மட்டும் நீங்களே கழுவுங்க."

"கிண்ணத்தையா?"

"கிண்ணத்தைத்தான்."

தணிகாசலம் காத்திருந்தார். டீச்சர் சல்லடைக்குத் திரும்பிவிட்டார்.

ஓவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எண்பத்திரண்டு படி.



ஞாயிற்றுக்கிழமை அதே எடை. அதே இருபத்தேழு நிமிடம். ஒரு மணி நேரம் ஆறவிட்டார். ஸ்கேலை வைத்து வெட்டினார்.

ஓரம் நான்கு பட்டையாக வந்தது. இரண்டு நீளம், இரண்டு குட்டை. கிண்ணத்தில் போட்டார்.

இந்த முறை கூடத்துக்குப் போகவில்லை. கிண்ணத்தோடு குழாயடிக்குத் திரும்பினார்.

சமையல்கட்டு அமைதியாக இருந்தது. அது அவருக்கு விநோதமாகப் பட்டது. ஏனென்றால் அங்கே எல்லோரும் இருந்தார்கள்.

மனைவி மரகதம் காய்ந்த தட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகன் இளம்பரிதி ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து எதையும் எடுக்காமல் நின்றான். மருமகள் கோமதி கதவருகே. பேத்தி தென்றல் அவருடைய முழங்கையருகே.

"என்ன, எல்லாரும் இங்க?"

"சும்மாதான்பா," என்றான் இளம்பரிதி.

"நீங்க கூடத்துக்குப் போகலையா?" என்றாள் மரகதம்.

"கிண்ணத்தைக் கழுவிட்டுப் போறேன்."

"நான் கழுவறேன் மாமா," என்று கோமதி முன்னால் வந்தாள்.

"வேண்டாம்மா. இன்னிக்கு நான்தான் கழுவணும்."

குப்பைக் கூடையைக் காலால் இழுத்தார். கிண்ணத்தைச் சாய்த்தார்.

"தாத்தா! கொட்டாதீங்க!"

தென்றல் கிண்ணத்தைப் பிடித்துவிட்டாள். அதற்குள் இன்னும் மூன்று கைகள் உள்ளே போயின.

"நீளமானது எனக்கு!" என்றாள் மரகதம்.

"போன வாரமும் உனக்குத்தான் நீளம். வை அதை," என்றான் இளம்பரிதி.

"டேய், நான் உன் அம்மாடா."

"அதனாலதான்மா. உனக்குச் சர்க்கரை இருக்கு."

"எனக்கு இருந்தா இருக்கட்டும். கொடுடா."

கொஞ்ச நேரம் மொறுமொறுவென்று கடிக்கும் சத்தம்தான் இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

தணிகாசலம் காலிக் கிண்ணத்தோடு நின்றார்.

"ஏழு வாரமா இதுதான் நடக்குதா?"

தென்றல்தான் சொன்னாள்.

"ஓரம்தான் தாத்தா நல்லாருக்கும். வெளியில மொறுமொறுன்னு, உள்ள இழுபடும். நடுவுல வெறும் கேக் மாதிரி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஸ்கேலை வெச்சுக் குனிஞ்சு, மூச்சைப் பிடிச்சுட்டு வெட்டுவீங்க மாமா. அதைப் பார்த்த பிறகு யாருக்குச் சொல்ல மனசு வரும்?"

மரகதம் விரலை நக்கினாள்.

"அதான் மரியாதைக்கு ஆளுக்கு ஒண்ணு சாப்பிடறோமில்ல?"



திங்கட்கிழமை தணிகாசலம் ஓவன் இல்லாமல் படியேறினார். எங்கும் நிற்கவில்லை.

"கிண்ணத்தைக் கழுவினீங்களா அண்ணா?"

"கழுவறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல டீச்சர்."

நடந்ததைச் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டே தட்டு ஒன்றை ஆற வைத்தார். அன்றைய பிரவுனி, இன்னும் வெட்டாதது.

"இனிமே ஓரத்தை எடுக்கப் போறதில்ல," என்றார் தணிகாசலம். "ஆனா வேற ஒரு சிக்கல்."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். பென்சிலால் தட்டு வரைந்து பதினைந்து கட்டம் போட்டிருந்தார்.

"ஓரம் இருக்கற கட்டம் பன்னெண்டு. இல்லாதது நடுவுல மூணு. பன்னெண்டை அஞ்சு பேருக்கு எப்படிப் பிரிச்சாலும் சரியா வரல. மூலை வேற நாலே நாலு. ராத்திரி பூரா இதே யோசனைதான்."

டீச்சர் தாளைப் பார்க்கவில்லை.

"நேத்து கிண்ணத்துல எத்தனை பட்டை?"

"நாலு."

"எத்தனை பேர் சாப்பிட்டாங்க?"

"நாலு பேர். ஆளுக்கு ஒண்ணு. சரியா இருந்தது."

"வீட்டுல எத்தனை பேருன்னு சொன்னீங்க?"

"அஞ்சு…"

தணிகாசலம் நிறுத்தினார்.

டீச்சர் கத்தியைத் தேடவில்லை. தட்டின் மூலையைக் கையாலேயே பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கம் நேராக இருந்தது. மற்ற இரண்டும் கோணல்மாணலாகப் பிய்ந்திருந்தன. எத்தனை இஞ்ச் என்று சொல்ல முடியாது.

வாயில் போட்டுக்கொண்டார்.

மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். மறுபடி மென்றார்.

பிறகு தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"இன்னொண்ணு," என்று கையை நீட்டினார்.