எந்தத் துறையிலும் இறங்காத அழுங்கு

விலங்குகள் வாய்விட்டுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், மழை பொய்த்த ஒரு கோடையில், காட்டுக்கெல்லாம் ஒரே ஒரு மடுதான் மிஞ்சியது. அடிதடி வேண்டாமென்று இரண்டு துறை பிரித்தார்கள். கிழக்குத் துறை, முட்டையிடும் செதில்காரர்களுக்கு. மேற்குத் துறை, பால் கொடுக்கும் மயிர்க்காரர்களுக்கு. யாரானாலும் இன்ன சனமென்று சொல்லிவிட்டுத்தான் இறங்கவேண்டும்.

எறும்புதின்னி என்கிறோமே, அந்த அழுங்கு வந்தாள். உடம்பெல்லாம் செதில், மடியில் பால். வாலின்மேல் தொற்றியிருந்த குட்டிக்கு நாக்கு வறண்டிருந்தது. தண்ணீரில்லாமல் அவள் மடியும் வற்றிக்கொண்டு வந்தது.

கிழக்கே காவலிருந்த உடும்புக்கு அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா அக்கா! செதிலைப் பார்த்தாலே தெரியுதே, நம்ம சனம்னு. குட்டி முட்டையிலேர்ந்து வந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் குட்டி இறங்கி வந்து மடியை முட்டியது.

உடும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நான் பார்க்கலை அக்கா. பின்னால நிக்கிறவங்க பார்த்துட்டாங்களே."

மேற்கே கடமான் நின்றாள். "பால் கொடுக்கிறவ எனக்குத் தங்கச்சிதான். ஆனா இந்தச் சட்டையைப் பார்த்துப் பிள்ளைங்க மிரளுதுங்களே. செம்மண்ணுல புரண்டு மறைச்சுக்கிட்டு வாயேன்."

"புரண்டா கழுதைன்னே உள்ள விட்டுடுவாங்க!" என்று ஒரு முயல் சிரித்தது.

தாகத்துக்கு ரோஷம் ஏது? அழுங்கு புரண்டாள். எழுந்தபோது குட்டி கேட்டது: "அம்மா, என்னோடதையும் மறைக்கணுமா?"

அதன் செதில் இன்னும் இறுகவில்லை. பிறந்த பிள்ளையின் நகம்போல வெளிறி, மெத்தென்றிருந்தது.

அழுங்கு உடம்பைச் சிலிர்த்தாள். மண் அத்தனையும் உதிர்ந்தது. இரண்டு துறைக்கும் நடுவே யாரும் கால்வைக்காத கல் சரிவு ஒன்று. அதன் உச்சியில் போய்க் குட்டியை மடியோடு அணைத்து, தலையை உள்ளே இழுத்து, வாலால் சுற்றிக்கொண்டு உருண்டாள். கல்லெல்லாம் செதிலில் பட்டுத் தெறித்தன. உள்ளே மடியின் சூட்டில் குட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

தண்ணீர் சிதறிய சத்தத்துக்கு இரண்டு துறையும் ஓடிவந்தன. பந்து ஒன்று கிடந்தது. தலை எது, வால் எது, தெரியவில்லை.

பந்து மெல்லப் பிரிந்தது. முதலில் குட்டி குடித்தது.

"இப்பவாவது சொல்லேன், நீ யாரு?" என்றாள் கடமான்.

"தாகத்துக்கு வந்தவ" என்றாள் அழுங்கு.

அன்று முதல்தான், யார் வழிமறித்தாலும் அழுங்கு பதில் சொல்வதில்லை. குட்டியை நடுவில் வைத்துச் சுருண்டுகொள்கிறது, கேட்டவர் போகும்வரை.