மேதை தேடிய கதவு

"பிள்ளைகளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்காதே, அவர்களே கண்டுபிடிக்கட்டும்" என்று தடித்தடியாகப் புத்தகம் போட்டவர் கல்வி மேதை ஆளவந்தார். எங்கள் பள்ளியைப் பார்வையிட வந்தவர், புதிதாகச் சேர்ந்திருந்த புஷ்பராணி டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு முழுக்க யார் என்ன கேட்டாலும் நீங்க பதிலுக்குக் கேள்விதான் கேட்கணும். பதில் சொன்னீங்க, வேலை போயிடும்!"

டீச்சர் தலையாட்டினார்.

மேதை டீச்சருடைய வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தலைமையாசிரியர் அனுப்பிய இளநீரையெல்லாம் காலி செய்தார். கொஞ்ச நேரத்தில் நெளிந்தார். எழுந்தே வந்துவிட்டார்.

"ஏம்மா, பாத்ரூம் எங்கே?"

"எங்கே இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க, சார்?"

முறைத்துவிட்டு ஓடினார். முதல் கதவைத் திறந்தால் சத்துணவுக் கூடம். அடுத்த கதவைத் திறந்தால் எட்டாம் வகுப்பே எழுந்து நின்று வணக்கம் சொன்னது. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"சொல்லித் தொலையேம்மா!"

"சொன்னா என் வேலை என்னாகும், சார்?"

"ஒண்ணும் ஆகாது! சீக்கிரம் சொல்லு!"

"வேப்பமரத்துக்குப் பின்னாடி, சார்."

மதியம் ஆசிரியர் கூட்டத்தில் மேதை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சில விஷயங்களை டீச்சர் நேராவே சொல்லிடறது நல்லது" என்றார்.

ஏன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நாங்களே கண்டுபிடித்துக்கொண்டோம்.