முதலாளியின் சைக்கிள்

பணம் மட்டும் போதுமா, பேரும் வேண்டாமா? தூத்துக்குடி உப்பு முதலாளி கனகசபாபதி டிரையத்லானில் இறங்கிவிட்டார். கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓட வேண்டும். அவருடைய உப்பளக் காவல்காரன் சூசையும் பேர் கொடுத்திருந்தான். மெதுவான ஆள்தான், ஆனாலும் இதற்காகவே ஒரு வருஷமாய்ப் பயிற்சி எடுத்தவன்.

"எனக்கு முன்னால போனேன்னா வேலை போயிரும்லே" என்றார் முதலாளி.

நீந்திக் கரையேறியதுமே முதலாளிக்கு மூச்சு முட்டியது. நைசாகத் தன் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சூசை அதைப் பார்த்தான். அவருடைய சைக்கிள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். எல்லோரும் போன பிறகுதான் கிளம்பினான்.

அவன் ஓடி முடித்தபோது பந்தய முடிவிடத்துப் பந்தலையே பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பந்தலுக்குக் கொஞ்சம் தள்ளி ஜீப்பிலிருந்து இறங்கி எப்போதோ ஓடிவந்து சேர்ந்துவிட்ட முதலாளி, கழுத்தில் மெடலோடு மைக்கைப் பிடித்திருந்தார்.

"என்னலே, ஆமைகூட உனக்கு முன்னால வந்திருக்குமே!"

"ஒங்களுக்கு முன்னால போகக் கூடாதுன்னு சொன்னியள்லா மொதலாளி? ஒங்க சைக்கிள் இன்னும் கடக்கரையிலதான் நிக்கி. நீங்க வந்து எடுப்பியன்னு அங்கனயே காத்துக் கெடந்தேன்."

மைக் அதையும் ஊருக்கே சொல்லிவிட்டது. கூட்டம் சிரித்த சிரிப்பில் முதலாளி மெடலைக் கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

சூசையும் சிரித்தான். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. ஒரு வருஷப் பாடு ஒரு வார்த்தைக்குப் போய்விட்டது. வாய் ஜெயித்தது, காலால் எவ்வளவு முடியும் என்பது அவனுக்கே தெரியாமல் போயிற்று.